இரண்டு கரையிலும் பொங்கிய பால்

டவுன் உசத்தியா பாளையங்கோட்டை உசத்தியா என்று எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒரே ஊர்தான். நடுவில் தாமிரபரணி ஓடுகிறது, மேலே பாலம் கிடக்கிறது, டவுன் பஸ்ஸில் ஏறி ஒரு பேச்சை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் இறங்கிவிடலாம் என்பார்கள். இறங்கிவிடலாம், ஆனால் இறங்கின இடத்தில் பேச்சே வேறு. எங்கள் டவுனில் நெல்லையப்பர் இருக்கிறார், காந்திமதியம்மன் இருக்கிறாள், நாலு ரத வீதிகளும் அவற்றுக்கு நடுவே மூச்சுவிட இடமில்லாத சந்துகளும் இருக்கின்றன, தலைவலி என்று ஒரு வீட்டில் முனகினால் நாலு வீட்டிலிருந்து சுக்குக் கஷாயம் வருகிறது. பாளையங்கோட்டையில் அகல ரோடு இருக்கிறது, வேப்பமரமும் காம்பவுண்டுச் சுவரும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன, பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று கேட்காத நாகரிகம் இருக்கிறது. எது வேண்டும் என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். நான் முடிவு செய்து ரொம்ப காலமாகிறது.

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து ஆற்றுப்பாலத்தை ஒட்டி மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிறார்கள். அண்ணன் இந்தக் கரை, தம்பி அந்தக் கரை. தம்பி பெண்டாட்டி தங்கபுஷ்பம் எனக்கு ஓரகத்தி. கல்யாணமாகி வந்த புதிதில் வடக்கு ரத வீதிக்குப் பின்னால் இருக்கிற இதே சந்தில் என்னோடு ஒரே அடுப்பில் சமைத்தவள்தான், பிறகு ஒருநாள் “மூச்சு முட்டுதுக்கா” என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைப் பெருமாள்புரத்தில் வீடு கட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் எப்போது போன் செய்தாலும் பின்னணியில் மரங்கள் சத்தம் போடும். வேண்டுமென்றே மரத்தடியில் நின்றுதான் பேசுகிறாள் என்பது என் எண்ணம். எனக்குப் பொறாமை என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். பொறாமைதான், இல்லையென்று சொல்ல நான் என்ன சந்நியாசியா?

இப்படியிருக்கும்போது கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்தான் புளியங்குடிப் பையன் புன்னைவனம். புதுப்பெண்டாட்டி, பெயர் சங்கரவடிவு. எங்கே குடியிருப்பது என்று அவர்கள் யோசிக்க ஆரம்பிக்குமுன்பே, என் வீட்டை ஒட்டிய வீடு காலியாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அதே சாயங்காலம், தன் வீட்டை ஒட்டிய வீடு காலியாக இருக்கிறது என்று தங்கபுஷ்பம் சொன்னாள். இரண்டையும் பார்த்தார்கள். இங்கே கோயில் மணி கேட்கிறது என்றான் புன்னைவனம், அங்கே குயில் கேட்கிறது என்றாள் வடிவு. மறுநாள் கோயில் மணிதான் நல்லது என்று வடிவு சொன்னாள், குயில்தான் நல்லது என்று அவன் சொன்னான். அதுவும் போக, அண்ணன் முதலாளி பெண்டாட்டி காட்டிய வீட்டை வேண்டாமென்றால் அண்ணனுக்குக் கோபம் வரும், தம்பி முதலாளி பெண்டாட்டி காட்டியதை வேண்டாமென்றால் தம்பிக்குக் கோபம் வரும். பாவம், சின்னஞ்சிறுசுகள், இரண்டு பேரிடமும் சரி சரியென்று தலையாட்டிவிட்டார்கள்.

கார்த்திகை முடியப் போகிறது. மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை. ஆனால் கார்த்திகைக்குள் பால் மட்டும் காய்ச்சிவிட்டால் சாமான்களை அப்புறம் மெதுவாகக் கொண்டுவரலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மிச்சமிருந்தது ஒரே ஒரு முகூர்த்தம். இரண்டு வீட்டிலும் காய்ச்சி வைப்போம், எந்த வீடு என்று மார்கழியில் ஆற அமர முடிவு செய்வோம் என்று அந்த இரண்டும் கூடிப் பேசி ஒரு யோசனை செய்தன. உலகத்தில் வேறு யாருக்கும் அப்படியொரு புத்தி வராது. காலையில் பெருமாள்புரம் வீட்டில் அடுப்பு பற்றவைத்தார்கள், பால் கிழக்குப் பார்த்துப் பொங்கியது, நேரம் போய்க்கொண்டிருந்ததால் ஒரு வாய் குடிக்காமலும் அக்கம்பக்கத்தில் ஒருவருக்குக் கொடுக்காமலும் பாத்திரத்தைத் தட்டு போட்டு மூடினார்கள், கதவைப் பூட்டினார்கள், பைக்கில் ஏறிப் பாலத்தைக் கடந்து இங்கே வந்து மறுபடி பற்றவைத்தார்கள், மறுபடியும் கிழக்குப் பார்த்தே பொங்கியது. இந்தப் பாலை நாங்கள் எல்லோரும் குடித்தோம். குடித்த கையோடு நான் என் வீட்டுப் பாயையும் குடத்தையும் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டேன், பிறகு அவர்களால் எப்படி மாற்றிச் சொல்ல முடியும்? டவுன் ஜெயித்தது. பெருமாள்புரம் வீட்டின் சொந்தக்காரர் பம்பாயில் இருப்பவர், வேறு ஆள் வரும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அங்கே மூடி வைத்த பாலை யாரும் நினைக்கவில்லை.

மார்கழி பிறந்த சில நாளில் தங்கபுஷ்பத்திடமிருந்து போன் வந்தது. மரங்கள் வழக்கம்போலச் சத்தம் போட்டன.

“எக்கா, வடிவு எப்பக்கா இங்க குடிவந்தா? ஒரு வார்த்த சொல்லலியே. வாசல்ல சிக்குக்கோலம் போட்டிருக்கா, என்ன நேர்த்தியா இருக்குங்கிய! வலது மூலையில மட்டும் ஒரு புள்ளிய விட்டுட்டா.”

வடிவு அப்போது என் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள், கையில் கோலமாவோடு. எங்கள் சந்தில் அவள் போட்டிருந்த கோலத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோ ஒன்று அதன்மேல் ஏறிப் போயிருந்தது, ஆனாலும் வலது மூலையில் விட்டுப்போன புள்ளி தெரிந்தது. அது அவள் கைப்பழக்கம், அவளைத் தவிர ஒருத்திக்கும் அந்தப் பிழை வராது.

ஒரு வீட்டில் பால் பொங்கினால் குடித்தனம் ஆரம்பித்துவிட்டது என்றுதானே அர்த்தம். அந்த வீட்டிலும் ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். பாளையங்கோட்டைக்காரர்கள் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காதவர்களுக்கு, யாருமே இல்லை என்பது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது போலிருக்கிறது. பால்காரர் வாசலில் பாக்கெட் வைத்தார், சற்று நேரத்தில் பாக்கெட் உள்ளே போனது, கழுவிய உறை கொடியில் காய்ந்தது. காலி சிலிண்டர் வெளியே இருந்ததைப் பார்த்து கேஸ்காரர் நிறைந்ததை இறக்கிவிட்டுப் போனார். காம்பவுண்டுச் சுவரின் மேல் ஒரு கிண்ணத்தில் புளிக்கறி வந்து உட்கார்ந்தது, தங்கபுஷ்பம் அதை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தரக்கூடாதென்று அதில் கறிவேப்பிலை வைத்துச் சுவரில் வைத்தாள், கிண்ணம் போய்விட்டது. அந்தத் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கம் மார்கழிக் கோலப்போட்டி நடத்தி, முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை அந்த வீட்டு வாசல்படியில் கொண்டுபோய் வைத்துக் கைதட்டிவிட்டு வந்தது. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, தண்ணீரைச் சிந்துவது கிடையாது, இப்படி ஒரு நல்ல குடித்தனம் எங்கள் தெருவுக்கு வந்ததேயில்லை என்று தங்கபுஷ்பம் போன் போட்டுச் சொன்னாள். ஆளோடு இருக்கிற குடித்தனம் எங்களிடம், பேரும் பரிசும் அவர்களுக்கு.

எங்கள் சந்துப் பெண்கள் குழாயடியில் கூடிப் பேசினோம். மந்திரிக்கலாம் என்றாள் ஒருத்தி, பூட்டை மாற்றலாம் என்றாள் ஒருத்தி, போலீஸில் சொல்லலாம் என்றாள் ஒருத்தி, யார் மேலே புகார் எழுதுவது என்று கேட்டதும் அவளே அடங்கிவிட்டாள். ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை, விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. குழாயில் முதல் குடம் வடிவுக்கு என்று ஆக்கினோம். அவள் கோலம் போட்டதும் நான் விளக்குமாற்றோடு சந்து முனையில் நின்று ஆட்டோக்களைத் திருப்பி அனுப்பினேன். அவள் வைத்த ரசத்தை வாங்கிக் குடித்துவிட்டு ஆஹா என்றோம், உண்மையைச் சொன்னால் அதில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

வடிவு முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கோலப்போட்டியில் பரிசு வாங்கிவிட்டாயே என்று கேலி செய்தால், ஆமாக்கா எனக்கே தெரியாமல் வாங்கிவிட்டேன் என்பாள். பரிசு விஷயத்தில் சிரித்தவள் புளிக்கறி விஷயத்தில் பாதிதான் சிரித்தாள். ஏனென்றால் இங்கே அவள் வைக்கிற புளிக்கறி நீர்த்துப்போகும். தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடி இங்கே பட்டுப்போனது, அங்கே வீட்டுக்கூரைக்கு வளர்ந்து நிற்பதாகச் செய்தி வந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. என்ன தாயி என்று கேட்டதற்கு, அவள் என்ன உரம் போடுகிறாள் என்று தெரியவில்லை என்றாள். அவள் என்று சொன்னதை நான் கவனித்தேன்.

பிறகுதான் புன்னைவனம் அந்த வீட்டைப் பார்த்துவர ஆரம்பித்தான். சாவி நம்மிடம் இருக்கும்போது ஒரு எட்டுப் பார்க்காமல் இருக்கலாமா என்று முதல் தடவை போனான், குழாய் சொட்டுகிறதா என்று இரண்டாம் தடவை போனான், அதற்குப் பிறகு காரணம் சொல்லுவதை விட்டுவிட்டான். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வயிற்றைத் தடவிக்கொண்டு பசியில்லை என்பான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நான் ஒட்டுக்கேட்கிற ரகமில்லை, சுவர்தான் அப்படி.

“எங்க சாப்ட்டிய?”

“வீட்லதான்.”

“எந்த வீட்ல?”

“அங்க. நீ வச்சதுதான் வடிவு.”

“நான் எப்ப வச்சேன்?”

“உன் கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா? கோவத்துல இருக்கும்போது வச்சா ஒரு மாதிரி இருக்கும், சிரிச்ச முகமா வச்சா ஒரு மாதிரி இருக்கும். அது சிரிச்ச முகமா வச்சது.”

வேறொருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து இழுக்கலாம், அவள் ஊரில் போய் அசிங்கப்படுத்தலாம், அண்ணன் தம்பிகளை வரச்சொல்லிப் பஞ்சாயத்து வைக்கலாம். இங்கே யாரை இழுப்பது? தன் கையால் தன் புருஷனுக்குப் பரிமாறுகிற தன்னையே சபித்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை நாள் இருப்பாள்? வடிவு இளைத்துப்போனாள். அவன் சட்டை அங்கேயிருந்து மடிப்புக் கலையாமல் வந்தது, இவள் அதைத் துவைத்துக் கசக்கி மறுபடி துவைத்தாள். அவன் பல்தேய்க்கிற பிரஷ் ஒருநாள் இங்கேயிருந்து காணாமல் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சுவருக்கு அந்தப்பக்கம் அவன் மெல்லிய குரலில், “பேசாம நாம அங்கயே போயிருவமா?” என்று கேட்டான். வடிவு, “நாமன்னா யாரு?” என்று கேட்டாள்.

இவள் அங்கே போனால் அங்கே இருக்கிறவள் எங்கே போவாள், இரண்டு பேரும் ஒரே சமையல்கட்டில் நின்றால் அவன் யார் வைத்த தட்டுக்கு முன்னால் உட்காருவான் என்பதையெல்லாம் அவள் யோசித்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவள் போய்விட்டால் தங்கபுஷ்பம் முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்கிற ஆத்திரம்.

ஆனித் தேரோட்டம் வந்தது. அன்றைக்கு ஜில்லாவே எங்கள் டவுனில்தான் நிற்கும், பாளையங்கோட்டைக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்து வெயிலில் வடம் பிடிப்பார்கள், தங்கபுஷ்பமே என் வீட்டு மொட்டைமாடியில் வந்து நிற்பாள், வருஷத்தில் அந்த ஒருநாள் நான் அவளுக்கு நீர்மோர் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பேன். தேர் நகர்ந்து எங்கள் முக்குக்கு வந்தது. வடிவு கூட்டத்தில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புன்னைவனத்தைக் காணவில்லை. தங்கபுஷ்பம் மோரை ஒரு வாய் குடித்துவிட்டு, “அவன் அங்கதான்க்கா இருக்கான், நான் கெளம்பும்போது எல போட்டு உக்காந்திருந்தான், பாயச வாசன தூக்குச்சு” என்றாள். அவ்வளவு பெரிய கூட்டத்தில், அவ்வளவு பெரிய தேருக்கு முன்னால், எனக்கு அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாள் புன்னைவனம் கடைக்குப் போனபிறகு, வடிவு மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினாள். போகிறாளே, திரும்பி வருவாளா என்று நாங்கள் சந்து முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். கையில் பளபளவென்று ஒரு தூக்குவாளி இருந்தது, கோலப்போட்டியில் வாங்கியது. எங்களையெல்லாம் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

பெருமாள்புரம் வீட்டில் ஒருத்தரும் இல்லையாம். அவள் எங்கெங்கே என்னென்ன வைக்க ஆசைப்பட்டாளோ அங்கங்கே அது அது இருந்ததாம், கண்ணாடி, மர பீரோ, ஜன்னலுக்கு நீலத்திரை, எல்லாம். அடுப்பின் மேல் அன்றைக்குத் தட்டு போட்டு மூடிய பாத்திரம் அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தாளாம், சுட்டது. தட்டை எடுத்தால் மேலே ஆடை படிந்து பால் அன்று கறந்ததுபோல இருந்தது, கெடவும் இல்லை, வற்றவும் இல்லை. ஆனால் ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தது, பக்கத்தில் ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“அவுக குடிச்சிருக்காவக்கா. மொதத் தடவ போன அன்னைக்கே குடிச்சிருப்பாவ. அதான் அந்த வீடு அவுகள விட மாட்டேங்கு” என்றாள் வடிவு. “மிச்சத்த நான் குடிச்சா நானும் அங்க இருப்பேன், இங்க யாரு இருப்பாளோ தெரியாது. கீழ ஊத்துனா அவுக குடிச்சதயும் சேத்து ஊத்துன மாதிரி. பால் காச்சுனா அக்கம்பக்கத்துக்குக் குடுக்கணும், நாங்க அத குடுக்காம பூட்டிட்டு வந்துட்டோம், அதுதான் தப்பு. என் அக்கம்பக்கம் நீங்கதான். அதான் கொண்டாந்துட்டேன்.”

டம்ளர்களில் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கையில் வாங்கிக்கொண்டு கீழே வைத்திருக்கலாம். ஆனால் இத்தனை மாதமாக அந்த வீட்டுப் புளிக்கறியையும் பாயசத்தையும் பற்றிக் காதால் கேட்டுக் கேட்டு வயிறெரிந்து கிடந்த எங்களில் யாருக்கு, அப்படி என்னதான் ருசி என்று பார்க்காமல் இருக்க முடியும்? எல்லோரும் குடித்தோம். நான் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதற்காகப் பொய் சொல்ல முடியாது. வேலை முடிந்து வந்த புன்னைவனத்துக்குக் கடைசி டம்ளரை வடிவு நீட்டினாள். அவன் எங்கள் நடுவில் நின்று அதைக் குடித்தான், வாயைத் துடைத்தான், நெடுநாள் வெளியூர் போய் வந்தவன் மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்த்தான், பிறகு, “என்ன வடிவு, பசிக்கி” என்றான். தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் சமைக்கப் போனாள்.

மறுநாள் காலையில் தங்கபுஷ்பம் போன் செய்தாள்.

“எக்கா, அந்த வீட்டு வாசல்ல இன்னைக்கு வடிவு கோலம் இல்ல. ஒங்க கோலம் கெடக்கு.”

என் கோலம் எனக்குத் தெரியாதா, நான் போடுகிற தாமரைக்கு இதழ் ஒன்று பெருத்திருக்கும், அதையும் சொன்னாள். அடுத்த நாள் எதிர்வீட்டுக்காரி கோலம், அதற்கடுத்த நாள் முக்கு வீட்டுக்காரி கோலம், இப்படி ஆளுக்கு ஒருநாளாக முறை வைத்துக்கொண்டு வருகிறோமாம், இரண்டு டம்ளர் குடித்த எனக்கு மட்டும் இரட்டை முறை. சங்கத்தில் எங்கள் எல்லோரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் சந்து ஆண்களுக்கெல்லாம் இப்போது பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு ஜோலி இருக்கிறது. வடிவும் புன்னைவனமும் மட்டும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் உப்புத் தூக்கலான ரசத்தைக் குடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள், சுவர் வழியாகக் கேட்கிறது.

என் வீட்டுக்காரர் சாதுவான மனுஷன், தம்பி வீட்டுக்குக்கூட வருஷத்துக்கு ஒருதரம் போனால் அதிகம். அவர் ஒருநாள் மத்தியானம் தாமதமாக வந்தார். எனக்கு ஒரேயடியாகப் புரிந்துவிட்டது. என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். சொதி என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குச் சொதி வராது. எங்கள் பக்கம் மறுவீட்டு விருந்தென்றால் தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக் குழம்புதான், அன்று நான் வைத்தது திரிந்துபோய், மாமியார் அதைத் தின்னக் கொடுக்காமல் கொட்டியது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தங்கபுஷ்பத்துக்கு நன்றாகவே தெரியும். அதற்குப் பிறகு அவரும் கேட்டதில்லை, நானும் வைத்ததில்லை. அங்கே இருக்கிற நான் தேங்காய்ப்பால் திரியாமல், பாசிப்பருப்பு குழையாமல், இஞ்சிப் பச்சடியோடு பரிமாறியிருக்கிறேன்.

“எப்படி வச்சேன்?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு சொன்னார்: “அங்க நீ அடுப்ப அணைச்சு, ஆறவிட்டு, அப்பறந்தான் எலுமிச்சம்பழம் புழியுத.”

இத்தனை வருஷமாக எனக்கு ஒருத்தரும் சொல்லித்தராததை அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று ராத்திரி முழுக்க எனக்கு எரிச்சல். விடிந்ததும் தேங்காய் துருவினேன், முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுத்தேன், பருப்பை வேகவைத்தேன், காயைப் போட்டேன், அடுப்பை அணைத்தேன், கையைக் கட்டிக்கொண்டு ஆறுகிறவரை நின்றேன், அப்புறம்தான் எலுமிச்சை பிழிந்தேன். திரியவில்லை. வெள்ளை வெளேரென்று அப்படி ஒரு சொதி, சந்து முழுக்க மணத்தது, வடிவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இலை போட்டு, இஞ்சிப் பச்சடி வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்து உட்கார்ந்திருந்தேன். அன்று அங்கேயும் என் முறைதான் என்பது எனக்கு ஞாபகமில்லை.

அவர் வந்தார், செருப்பைக் கழற்றினார், இலையைப் பார்த்தார், வயிற்றைத் தடவிக்கொண்டு பசியில்லை என்றார்.